எச்சில் படாத ஷிராஸ்

என் முகத்துக்கு எதையும் மறைக்கத் தெரியாது. பிடிக்காத ஒன்றைப் பார்த்தால் மூக்கு தானாகச் சுருங்கும், மேலுதடு ஒரு பக்கம் ஏறும். சுதாரித்துக்கொள்ளலாம் என்று நான் நினைப்பதற்குள் எதிரில் இருப்பவர் பார்த்து முடித்திருப்பார். ஓசூர் சிப்காட்டில் ரப்பர் சீல் செய்யும் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் மேசையில் நான் உட்கார்ந்திருந்த காலத்தில் இந்த முகத்துக்கு ஒரு மரியாதை இருந்தது. சூப்பர்வைசர் ரிஜெக்ட் ட்ரேயை எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். "இன்னிக்கு லாட்டு சரியில்ல போல. அக்கா மூஞ்சே சொல்லுதே" என்று சொல்லிவிட்டு மெஷின்காரனைத் திட்டப் போய்விடுவார்.

ஒருநாள் காண்ட்ராக்ட்டில் இருந்த பெண்களை எல்லாம் நிறுத்திவிட்டார்கள். கேமரா வைத்த மெஷின் வந்துவிட்டதாம், அதுவே பார்த்துக்கொள்ளுமாம். பார்க்கட்டும். அதற்கு முகம் சுளிக்கத் தெரியுமா என்று நான் கேட்டதை யாரும் கண்டுகொள்ளவில்லை.

வேலை போனது ஒரு கவலை என்றால் அதன் பின்னால் வந்து நின்றது இன்னொன்று. என் வீட்டுக்காரருக்கு ஓசூரிலேயே ஃபோர்ஜிங் கம்பெனியில் வேலை. அவருடைய அம்மா சாத்தூரில் தனியாக இருக்கிறார். நல்ல திடகாத்திரமான மனுஷி, நோய் நொடி ஒன்றும் கிடையாது. "வேலைக்குப் போறாளேன்னுதான் அங்க இருக்கட்டும்னு விட்டு வச்சேன். இப்ப என்ன, அனுப்பி வையி" என்று போனில் சொல்லிவிட்டார். வீட்டுக்காரரும், "உகாதி வரைக்கும் பாரு. வேற வேலை எதுவும் பெர்மனெண்டா கிடைக்கலன்னா போயி அம்மாகூட இரு" என்றார்.

சாத்தூர் வீடு என்றால் எனக்கு நினைவுக்கு வருவது ஓர் இலைதான். கல்யாணமாகிப் போன முதல் நாள் மதியம் வீட்டுக்காரர் சாப்பிட்டு எழுந்தார். இலையில் கடித்துப் போட்ட மிளகாய், சப்பிய முருங்கைச் சக்கை, ஓரமாகத் தேங்கிய மோர். நான் எடுத்துப் போடக் குனிந்தபோது மாமியார் கையைப் பிடித்தார். "எடுக்காதடி. அதுலயே உக்காரு, சோறு போடுறேன். புருஷன் இலையில பொண்டாட்டி சாப்புடணும், அதுதான் இந்த வீட்டு வழக்கம்." உட்கார்ந்தேன். சாப்பிட்டேன். பின்னால் போய் எல்லாவற்றையும் வாந்தி எடுத்தேன். அங்கிருந்த நாளெல்லாம் அதே இலை, அதே வாந்தி. மசக்கை என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டார்கள், கருமம். அவருக்கு ஓசூரில் வேலை கிடைத்தபோது மஞ்சப்பையைத் தூக்கிக்கொண்டு முதலில் பஸ் ஏறியவள் நான்தான்.

ஆகவே உகாதிக்குள் எனக்கு ஒரு வேலை வேண்டும். என்ன வேலையாக இருந்தாலும் சரி என்று நினைத்தேன். அப்படி நினைக்கக்கூடாது என்பது பிறகுதான் தெரிந்தது.

கம்பெனியில் என் பக்கத்து மேசையில் இருந்த தோழி உத்தனப்பள்ளிக்காரி. அவள் பெர்மனெண்ட் என்பதால் தப்பித்துக்கொண்டவள். அவள்தான் சொன்னாள். "அக்கா, தளி ரோட்ல கர்நாடகா பார்டர் தாண்டுனா ஒரு ஒயின் தோட்டம் இருக்குதுல்ல? அங்க லேடீஸ் எடுக்கறாங்க. வண்டி வந்து கூட்டினு போவுது."

"ஒயினா? சாராயக் கடைக்கா என்னைய அனுப்புற?"

"சாராயம் இல்லக்கா. பெங்களூர்ல இருந்து பெரிய பெரிய ஆளுங்க வந்து ருசி பாத்துட்டுப் போவாங்க. நீ கிளாஸ் கழுவுனா போதும்."

கிளாஸ் கழுவினேன். எச்சில் என்றாலே ஓடுகிறவளுக்கு எச்சில் கிளாஸ் கழுவும் வேலை! என் தலையெழுத்தை எழுதியவனுக்கு நல்ல நகைச்சுவை உணர்ச்சி. சனி, ஞாயிறு என்றால் கார் கார் என்று வந்து இறங்குவார்கள். ஒவ்வொரு கிளாஸ் விளிம்பிலும் உதட்டுச்சாயம், சீஸ் பிசுக்கு, விரல் ரேகை. அது போதாதென்று மேசைக்கு மேசை ஒரு கறுப்பு வாளி. ஒயினை வாயில் ஊற்றிக் கொப்பளித்து அதில் துப்புவார்கள். துப்பிவிட்டு "நைஸ்" என்பார்கள். நன்றாக இருந்தால் ஏன் துப்ப வேண்டும், துப்ப வேண்டியதை ஏன் குடிக்க வேண்டும்? எல்லாருடைய எச்சிலும் கலந்து சிவப்பு நுரையாக நிற்கும் அந்த வாளியை மூச்சை அடக்கிக்கொண்டு தூக்கிப்போய்க் கொட்டுவேன். இரண்டு கையுறை போட்டுக்கொள்வேன். அன்று மாலை சோறு இறங்காது.

குடிக்காமல் கிளாஸில் மிச்சம் வைப்பதை வாளியில் ஊற்றக்கூடாது, தனியாக ஒரு கண்ணாடி ஜாடியில் ஊற்ற வேண்டும் என்பது அங்கே சட்டம். "வினிகருக்குப் போவும்" என்று மேனேஜர் சொல்லியிருந்தார். மேனேஜர் என்றால் முதலாளியின் மச்சினன். ஓசூர்க்காரர், வீட்டில் தெலுங்கு, வேலையாட்களிடம் தமிழ், பெங்களூர்க்காரர்களிடம் இங்கிலீஷ். முன்பு சிப்காட்டில் ஏதோ கம்பெனியில் ப்ரொடக்‌ஷன் பார்த்தவர். அந்த மிடுக்கு குறையவில்லை. வினிகருக்குத்தானே, போகட்டும் என்று நானும் ஊற்றினேன்.

வந்தவர்களுக்கு ஒயினைப் பற்றி விளக்கிச் சொல்லும் பெண் கல்யாணம் நிச்சயமானதும் வேலையை விட்டு நின்றுவிட்டாள். ஓசூர், கிருஷ்ணகிரி கம்பெனிகளிலிருந்து ஆட்கள் அவுட்டிங் என்று பஸ் போட்டு வர ஆரம்பித்திருந்தார்கள். அவர்களுக்குத் தமிழில் சொல்ல ஆள் வேண்டும். மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். குந்தாரப்பள்ளிச் சந்தையில் மாட்டுக்குப் பல் பார்ப்பது மாதிரி என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நல்லாப் பேசறம்மா நீ. ஆனா அந்த மூஞ்சி... நேத்து கஸ்டமர் துப்பறாரு, நீ அவரையே ஒரு மாதிரி பாக்கற. உகாதிக்குள்ள மூஞ்சிய சுளிக்காம நின்னு சொல்லக் கத்துக்கோ. பெர்மனெண்ட் போடறேன். முடியலன்னா சொல்லிடு, வேற ஆள் பாக்கறேன்."

உகாதி! என் வீட்டுக்காரரும் இவரும் பேசிவைத்துக்கொண்டு சொன்னது மாதிரி இருந்தது. கத்துக்கறேன் சார் என்றேன்.

எனக்குச் சொல்லிக்கொடுக்க வந்தவள் அங்கே ஒயின் செய்கிறவள். என்னைவிட வயதில் சின்னவள், கன்னடக்காரி, பெல்காம் பக்கம். ஆண்பிள்ளை மாதிரி பூட்ஸ் போட்டுக்கொண்டு டாங்கி டாங்கியாக ஏறி இறங்குவாள். தமிழ் பெங்களூரில் பொறுக்கிக்கொண்டது. முதல் நாள் ஒரு கிளாஸில் கருஞ்சிவப்பாகக் கொஞ்சம் ஊற்றி என் முன்னால் வைத்தாள்.

"ஷிராஸ் அக்கா. நம்ம தோட்டத்துல பாதிக்கு மேல இதே. குடி."

பிறந்ததிலிருந்து நான் எந்தப் பாத்திரத்திலும் வாய் வைத்துக் குடித்ததில்லை. செம்போ, டம்ளரோ, டீக்கடை கிளாஸோ, தூக்கிப் பிடித்து அண்ணாந்து ஊற்றிக்கொள்வதுதான் எங்கள் வீட்டில் பழகியது. அதே பழக்கத்தில் அந்தக் காம்புக் கிளாஸைத் தலைக்கு மேலே தூக்கினேன், அண்ணாந்தேன், சரித்தேன். பாதி தொண்டையில், பாதி மூக்கில். கண்ணிலிருந்து தண்ணீர். வெள்ளைச் சீருடை முழுவதும் சிவப்பு. இருமி இருமி உட்கார்ந்துவிட்டேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அய்யோ அக்கா, ஹாகல்ல! அப்படி ஊத்துனா மூக்குக்கு என்ன சிகும், என்ன கிடைக்கும்? கிளாஸுக்குள்ள மூக்கு போகணும். மொதல்ல மூக்கு, அப்புறமாதான் வாய்."

"வாய் வச்சா எச்சி ஆயிடுமேம்மா?"

"உன் கிளாஸ், உன் எச்சில். யாருக்கு என்ன?"

வாய் வைத்தேன். சீ! காய்ச்சல் கஷாயத்தில் புளித்த திராட்சையைப் போட்டுக் கொதிக்க வைத்தது மாதிரி இருந்தது. நாக்கெல்லாம் பச்சை வாழைக்காய் தின்றது போல இழுத்தது. இதற்காகவா பெட்ரோல் போட்டுக்கொண்டு வருகிறார்கள் என்று கேட்டேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, இதுதான் மேனேஜர் சொன்ன மூஞ்சியா என்றாள். ஆமாம் என்றேன்.

வீட்டில் நிலவேம்புக் கஷாயம் வைத்துக் கண்ணாடி முன்னால் நின்று குடித்துப் பழகினேன். ஒரு வாய் குடிப்பேன், சிரிப்பேன், "இதில் பழ வாசனை தூக்கலாக இருக்கும்" என்பேன். வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்து வந்து வாசலில் நின்று பார்த்தார். "நான் குடிச்சா ஊரக் கூட்டுற. நீ சம்பளத்துக்குக் குடிக்கப் பழகுற" என்றார். நான் துப்பிடுறேன் என்றேன். அதுவும் சரிதான் என்று சிரித்துவிட்டுப் போனார். துப்புவதை நானும் கற்றுக்கொண்டுவிட்டேனே என்று அப்புறம்தான் உறைத்தது. என் மேலேயே அருவருப்பாக வந்தது.

மாசியில் அறுவடை வந்தது. அதுவரை ஷிராஸ் என்பதை நான் கிளாஸில்தான் பார்த்திருந்தேன். கொடியில் பார்த்தால் பெரிய ஏமாற்றம். நம் ஊர் பன்னீர் திராட்சை பக்கத்தில் இது ஒரு நோஞ்சான். பட்டாணி அளவு, கறுப்பு, மேலே சாம்பல் பூசியது போல் ஒரு பூப்பு. கடித்தால் தோல் தடித்து நிற்கும், உள்ளே கொட்டை. ஆனால் இனிப்பு என்றால் அப்படி ஓர் இனிப்பு. கை பிசுபிசுத்தது. அவள் சொன்னாள், சின்னதாக இருப்பதுதான் நல்லதாம். நிறமும் துவர்ப்பும் தோலில்தான் இருக்கிறது, பழம் பெரிதானால் தண்ணீர்தான் மிச்சம். நசுக்கித் தொட்டியில் போட்டபோது கிளம்பிய நெடியும் மொய்த்த ஈக்களும் நிரம்ப நாள் கனவில் வந்தன. குமட்டிக்கொண்டு வரும். அவளோ அதற்குள் தலையை விட்டு ஆனந்தமாக மூச்சு இழுப்பாள்.

ஒரே பழத்தில் எத்தனை அவதாரம் என்பதை அப்படித்தான் கற்றுக்கொண்டேன். தோலோடு சில மணி நேரம் மட்டும் வைத்துச் சாற்றை வடித்துவிட்டால் ரோஜா நிறத்தில் ஒன்று, அதன் பெயர் ரோஸே. குளிர வைத்துக் குடிப்பார்கள், எனக்கு அது ரோஸ்மில்க்கில் பாலும் சர்க்கரையும் போடாமல் கொடுத்தது போல இருந்தது. தோலோடு நாள்கணக்கில் ஊறவிட்டு, ஸ்டீல் டாங்கியிலேயே வைத்துச் சீக்கிரம் பாட்டிலில் அடைத்தால் இரண்டாவது. ஓக் மரப் பீப்பாயில் ஒரு வருஷம் தூங்க வைத்தால் மூன்றாவது. அதில் புகை, வெனிலா, தோல் செருப்பு எல்லாம் வாசனை அடிக்கிறதென்று வந்தவர்கள் சிலாகிப்பார்கள். செருப்பு வாசனைக்கு இத்தனை பாராட்டா என்று மனதுக்குள் காறித் துப்புவேன். நான்காவது, கேபர்நே என்கிற வேறொரு திராட்சையோடு கலந்தது. ஒன்று மிதமாக, ஒன்று விறைப்பாக, இரண்டும் சேர்ந்தால் குடித்தனம் நடத்துமாம்.

ஊருக்கு ஊர் இந்தப் பழம் குணம் மாறுமென்றும் சொன்னாள். பிரான்சில் சிரா என்பார்களாம், ஆஸ்திரேலியாவில் ஷிராஸ், பழம் ஒன்றுதான். குளிர்ந்த இடத்தில் விளைந்தால் ஒல்லியாக, மிளகு தூக்கலாக வரும். வெயில் காய்ந்த இடத்தில் ஜாம் மாதிரி கெட்டியாக வரும். "நம்ம மேட்டுத் தோட்டம் காத்துக்கு மிளகு குடுக்கும், ஏரி பக்கம் ஜாம்" என்றாள். நான் நம்பவில்லை. மிளகு என்ன, ரசமா?

ஒருநாள் டாங்கியிலிருந்து அந்த இரண்டாவது ரகத்தை நேராகப் பிடித்து நீட்டினாள். மேட்டுத் தோட்டத்துப் பழம். மூக்கை விட்டேன். மிளகு! அப்போதுதான் அம்மியில் தட்டியது போலக் காரமான பச்சை மிளகு. அதன் பின்னால் நாவல்பழம், பள்ளிக்கூட வாசலில் உப்புப் போட்டு விற்பார்களே, அதே ஊதா நாக்கு வாசனை. வாயில் வைத்தேன். துவர்த்தது, ஆனால் துப்பத் தோன்றவில்லை. விழுங்கிவிட்டேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, மூஞ்சில ஒண்ணுமே இல்ல!"

எனக்கு வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது. இது யார் எச்சிலும் படாமல் டாங்கியிலிருந்து நேராக வந்தது. அதனால்தான் பிடித்தது என்று இப்போது தோன்றுகிறது. அதன் பிறகு மற்ற ரகங்களையும் பல்லைக் கடித்துக்கொண்டு கற்றுக்கொண்டேன். வந்தவர்கள் கிளாஸைச் சுழற்றிச் சட்டையில் கொட்டிக்கொண்டாலும், ஒருத்தர் வாய் வைத்ததை இன்னொருத்தர் வாங்கி உறிஞ்சினாலும், நான் கல் மாதிரி சிரித்துக்கொண்டு நின்றேன். மேனேஜருக்கு வாயெல்லாம் பல். "ஒரு பெரிய பஸ் க்ரூப் வருது. அதை நீ தனியா நடத்திக் காட்டு. அன்னிக்கே ஆர்டர் அடிச்சுத் தரேன்" என்றார். எந்தக் கம்பெனி என்று கேட்டேன். நான் வேலை பார்த்த ரப்பர் சீல் கம்பெனி. பெர்மனெண்ட் என்பதால் தப்பித்த என் பழைய லைன் பெண்கள்தான் வருகிறார்கள்.

அன்று ரொம்ப உற்சாகமாக இருந்தேன். பஸ் வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம், கடைசி கிளாஸ் வரைக்கும் கழுவி முடித்துவிட்டு மேசை துடைக்கும் துணியைத் தேடி சரக்கு அறைக்குப் போனேன். மேனேஜர் முதுகைக் காட்டி நின்றிருந்தார். அவர் கையில் டீ வடிகட்டி. இன்னொரு கையில் என் ஜாடி. நாள் முழுவதும் எல்லோருடைய கிளாஸிலிருந்தும் நான் ஊற்றிச் சேர்த்த மிச்சம். அதை வடிகட்டி வழியாக 'ஹவுஸ் ஒயின்' என்று ஒட்டிய பெரிய கண்ணாடிக் குடுவையில் ஊற்றிக்கொண்டிருந்தார். வடிகட்டியில் ஒரு ரொட்டித் துணுக்கு ஊறிக் கிடந்தது.

ஹவுஸ் ஒயின் என்பது பஸ்ஸில் வருகிறவர்களுக்குக் கடைசியில் கொடுக்கும் ஐந்தாவது கிளாஸ். அதை நான்தான் என் கையால் ஊற்றிக் கொடுத்துவந்தேன். ஷிராஸில் பல தோட்டத்துப் பழம் சேர்த்தது என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள், நானும் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன்.

"சார்! அது வினிகருக்குன்னீங்களே?"

அவர் துள்ளவில்லை, துவளவில்லை. "வினிகர் யாரும்மா வாங்கறாங்க? நல்ல சரக்கு, வீணாக்கறதா? சிப்காட்ல நீ ரீவொர்க் பார்த்ததில்லையா? ரிஜெக்ட்டானதைத் திருப்பிச் சரி பண்ணி அனுப்பறோம்ல, அது மாதிரிதான்."

"எச்சிக்கு ரீவொர்க் கிடையாது சார்."

"இதுல ஆல்கஹால் இருக்கு, எல்லாம் செத்துடும். பெங்களூர்காரங்களுக்கா குடுக்கறோம்? பஸ்ல வர்றவங்களுக்கு என்ன தெரியப்போகுது? நாளைக்கு உனக்கு முக்கியமான நாள். போம்மா, வண்டி நிக்குது."

ஒயின் செய்கிறவளுக்கு இது தெரியுமா என்று கேட்டேன். "அவளுக்கு டாங்கியோட வேலை முடிஞ்சுது" என்றார். அவளைத் தேடினேன். அன்று லீவு, போனும் எடுக்கவில்லை.

வேனில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வழி முழுக்கக் குமட்டலை அடக்கினேன். எத்தனை பஸ் வந்திருக்கும், எத்தனை பேர் என் கையால் வாங்கிக் குடித்திருப்பார்கள்? என் கையைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு இருந்தால் பெர்மனெண்ட். திறந்தால் சாத்தூர், அந்த இலை. இதைக் குடிப்பது நானில்லையே, ஊற்றிக் கொடுப்பதுதானே என்று ஒரு மனம் சொன்னது. சாத்தூரில் இலையில் சோறு போட்டதும் மாமியார்தான், சாப்பிட்டது அவர் இல்லை. இந்த நினைப்பு வந்ததும் வேனை நிறுத்தச் சொல்லி இறங்கி ரோட்டோரம் வாந்தி எடுத்தேன். வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ஊர் உலகத்துல நடக்காததா? வாய வச்சுக்கிட்டு சும்மா இரு" என்றார்.

மறுநாள் பஸ் வந்தது. பூ வைத்து, புதுப்புடவை கட்டி, சிரித்துக்கொண்டு என் பெண்கள் இறங்கினார்கள். உத்தனப்பள்ளிக்காரி ஓடி வந்து கட்டிக்கொண்டாள். "எக்கா! எம்மாடி, கோட்டெல்லாம் போட்டுனு டீச்சர் மாதிரி நிக்கற!" வேண்டாம் என்றவர்களுக்குத் திராட்சை ஜூஸ். மற்றவர்கள் ஒருத்தியை ஒருத்தி கிள்ளிக்கொண்டு, வீட்டுக்காரனுக்குத் தெரிந்தால் அவ்வளவுதான் என்று கிசுகிசுத்துக்கொண்டு கிளாஸைப் பிடித்தார்கள். மேனேஜர் சுவரில் சாய்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ரோஸே சொன்னேன். மிளகு வாசனைக்காரனைச் சொன்னேன், மொதல்ல மூக்கு, அப்புறம் வாய் என்றேன். "ஆமாக்கா, மொளகு!" என்று ஒருத்தி கத்தினாள். பீப்பாயில் தூங்கினதைச் சொன்னேன். கேபர்நேயோடு குடித்தனம் பண்ணுவதைச் சொன்னபோது எல்லோரும் ஓவென்று சிரித்தார்கள். என் முகம் ஒரு இடத்தில்கூடச் சுளிக்கவில்லை. மேனேஜர் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே குடுவையை என் பக்கம் தள்ளினார்.

குடுவையைத் தூக்கினேன். முதல் கிளாஸ் உத்தனப்பள்ளிக்காரியுடையது. அவள் இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டிருந்தாள், கோயிலில் தீர்த்தம் வாங்குவது போல. என் மூக்கு சுருங்கியது. உதடு ஏறியது. எல்லோரும் பார்த்துவிட்டார்கள். அந்த முகத்தைத்தான் அவர்களுக்கு நன்றாகத் தெரியுமே.

"இன்னாக்கா, ரிஜெக்ட்டா?" என்றாள்.

"ஷிராஸ்ல இது அஞ்சாவது ஸ்டைல்" என்றேன். "முன்னாடி வந்தவங்க குடிச்சு மிச்சம் வச்சதெல்லாம் சேர்த்து வடிகட்டுனது. பேரு எச்சி."

ஒரே நேரத்தில் எல்லோரும் "த்தூ", "சீ", "கருமம்" என்று கிளம்பினார்கள். கிளாஸ்கள் மேசையில் டக் டக்கென்று இறங்கின. மேனேஜர் பாய்ந்து வந்து குடுவையைப் பிடுங்கினார். முகம் ஷிராஸ் நிறத்தில் இருந்தது.

"நாளையிலிருந்து வேலைக்கு வராதே!"

"நாளைக்குத்தானே சார்? இன்னிக்கு ஷிப்ட் இன்னும் முடியல."

சத்தம் கேட்டு டாங்கிப் பக்கமிருந்து ஒயின் செய்கிறவள் வந்தாள். என்ன என்று என்னைக் கேட்டாள், சொன்னேன். அவள் மேனேஜர் கையிலிருந்த குடுவைக்கு மேல் குனிந்து மூக்கை வைத்தாள். எத்தனையோ முறை பார்த்த அதே குனிதல்தான். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. உள்ளே போய் மேட்டுத் தோட்டத்து மிளகு ஷிராஸ் பாட்டில் ஒன்றை எடுத்து வந்து, திறந்து, என் கையில் கொடுத்தாள்.

கிளாஸை இனி யாரும் தொட மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். "அண்ணாந்து வாயத் திறங்கடி" என்றேன். வரிசையாக நின்றார்கள். உயரத்திலிருந்து மெல்லிய கம்பியாக ஒவ்வொருத்தி வாயிலும் கொஞ்சம் கொஞ்சம் ஊற்றினேன். இப்படிக் குடித்தால் வாசனை ஒன்றும் தெரியாது, மிளகும் கிடையாது, நாவல்பழமும் கிடையாது. பரவாயில்லை. வரிசையின் கடைசியில் பூட்ஸ் காலோடு அவள் நின்றாள். தலையைத் தூக்கினாள், கண்ணை மூடிக்கொண்டாள். ஊற்றினேன். பழக்கமில்லாதவள், மூக்கில் ஏறி இருமினாள். தலையில் தட்டிவிட்டேன்.

சாத்தூருக்கு வீட்டுக்காரரே கொண்டுவந்து விட்டார். மதியம் அவர் சாப்பிட்டு எழுந்ததும், மாமியார் கரண்டியோடு வந்து, "எடுக்காத. அதுலயே உக்காரு" என்றார். எல்லாம் அப்படியே இருந்தது. கடித்த மிளகாய், முருங்கைச் சக்கை, மோர். உட்கார்ந்தேன். இலையை இரண்டு கையாலும் முகத்துக்குத் தூக்கி, கண்ணை மூடி, மெதுவாக மூச்சு இழுத்தேன். மொதல்ல மூக்கு.

"சாம்பார் தூக்கலா இருக்கு அத்தை. அடியில மோர் புளிப்பு. கடைசியா உங்க மகன் எச்சி, அது நாக்குல நெடுநேரம் நிக்கும்."

வீட்டுக்காரர் கை கழுவப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். நான் இலையை மடித்து எடுத்துப்போய்க் கொல்லையில் எறிந்தேன். கையைக் கழுவிக்கொண்டு புது இலை ஒன்றை அறுத்து வந்து போட்டு உட்கார்ந்தேன். மாமியார் கரண்டி பிடித்த கை அந்தரத்தில் நிற்க, என்னையே வெறித்தார்.

"என்னடி மூஞ்சி இது?"

"என் மூஞ்சிதான் அத்தை" என்றேன். "இனிமே இதுதான் இருக்கும். சோறு போடுங்க."